ஆயிரத்தில் ஒன்று

பழைய துப்பாக்கி வாங்குகிறவர் அதன் ஜாதகத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். மோசடி நுழைவதும் அந்த ஜாதகத்தில்தான்.

அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி, 1873 மாடல் ரைஃபிள்களை 7 லட்சத்துக்கு மேல் செய்தது. சோதனையில் குறி பிசகாத குழல்களைப் பொறுக்கி, கூடுதல் மெருகேற்றி, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலர் விலை வைத்தது. அப்படி வெளிவந்தவை நூற்று முப்பது சொச்சம்தான். 1950இல் ‘வின்செஸ்டர் 73’ திரைப்படத்தின் விளம்பரத்துக்காக, எஞ்சியவற்றைத் தேடி அறிவிப்புக் கொடுத்தது யுனிவர்சல். விலை ஏறியது. பொறிக்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை வந்தது.

தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு, இதைச் சரிபார்க்கும் முறை பிடித்திருக்கிறது. வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்தால், பதிவு இருக்கும் பட்சத்தில், அது எப்படிப்பட்ட குழலோடு எப்போது வெளியேறியது என்று கடிதம் தருவார்கள். பொறிப்பும் பேரேடும் முரண்பட்டால் நான் பேரேட்டின் பக்கம்.

1898 வரை செய்யப்பட்டவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள்; உரிமம் பெற்ற வியாபாரி இல்லாமலே கைமாறலாம். (மாநிலச் சட்டங்கள் வேறு கதை.) ஆனால் இதே மாடல் அதற்குப் பிறகும் வந்தது. எந்தப் பக்கத்தது என்பதற்கும் எண்தான் சாட்சி.

போலிக்காரரைவிட என்னை எரிச்சலூட்டுவது நல்லெண்ணக்காரர். தாத்தாவின் துப்பாக்கியை விற்குமுன் பளபளவெனத் தேய்த்து, புதிதாக நீலமெருகும் ஏற்றிவிடுகிறார். விலை சரிவது கிடக்கட்டும். எழுத்துகளின் ஓரங்களும் மழுங்கிவிடுகின்றன. நிஜப் பொறிப்பா, நேற்றைய பொறிப்பா என்று அதற்குப் பிறகு எந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பது?