மண் வேண்டாத செடி

வசம்பை இரவில் பெயர் சொல்லிக் கேட்பது நம் ஊர்களில் வழக்கமில்லை. ‘பேர் சொல்லாதது’ என்பர். குழந்தைக்கு மருந்தாகும் அதையே ஏட்டுச்சுவடிகளைப் பூச்சி அரிக்காதிருக்கவும் நம் முன்னோர் பயன்படுத்தினர். அவ்வசம்பின் சிற்றுருவ உறவுச்செடி ஒன்று, சீனத்துப் புலவர்களின் எழுதுமேசையில் பல நூற்றாண்டுகள் இடம்பெற்றிருந்தது.

ஓரடி உயரத்துக்குள் விசிறிபோல் விரியும், ஆண்டு முழுதும் பசுமை மாறாத இச்செடியை இன்று நாற்றங்கால்களில் ‘ஜப்பானியக் கோரை’ என்று விற்கிறார்கள். குளக்கரையிலும் நடைபாதைக் கற்களின் இடையிலும் நடுகிறார்கள். மஞ்சள் வரியோடிய ‘ஓகோன்’ வகைக்கு மதிப்பு மிகுதி. உண்மையில் இது கோரையே அன்று. 1789இல் வெளிவந்த கியூ தோட்டத்துச் செடிப்பட்டியலில் இதற்கு அகோரஸ் கிராமினியஸ் என்று பெயரிட்டனர். நெடுங்காலம் சேம்புக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். ஒருவித்திலைத் தாவரங்களுள் முதலில் பிரிந்த தனிக்கிளை இது என்பதை மரபணு ஆய்வுகள் பின்னர் காட்டின.

சீனர் இதனை ‘ஷி சாங்பூ’ என்றனர். ‘ஷி’ என்றால் கல். ஓடைக் கற்களைப் பற்றி வளர்வது இதன் இயல்பு. இரவில் படிப்போர் விளக்கருகே ஒரு தொட்டி வைத்தால் அது புகையை ஈர்த்துக் கண்ணைக் காக்கும் என்று நம்பினர். வெட்ட வெட்ட இலை நுண்மையாகும் என்பதை 1596இல் அச்சான லி ஷிசென்னின் மருந்துநூல் பதிவுசெய்கிறது. 1621இல் வாங் சியாங்ஜின் தொகுத்த செடிநூலோ ஒருபடி மேலே போய், நான்காம் திங்கள் பதினான்காம் நாளை இதன் பிறந்தநாளாக்கி, அன்று இலை கத்தரிக்கச் சொல்கிறது. செடிக்குப் பிறந்தநாள் கொண்டாடிய சமூகம்! வசந்தத்தில் அவசரப்பட்டு வெளியே வைக்காதே, கோடையில் கத்தரிக்கத் தயங்காதே, இலையுதிர்காலத்தில் நீரை உயர்த்து, குளிரில் உள்ளே மறைத்து வை என்பது அவர்கள் கண்ட வளர்ப்புமுறை.

இச்செடியை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் சூ ஷி (1037–1101). கவிதைகளுக்காக 1079இல் சிறைப்பட்டவர். 1080இல் ஹுவாங்சோவுக்கும், 1094இல் ஹுய்சோவுக்கும், 1097இல் கடல் கடந்து ஹைனான் தீவுக்கும் துரத்தப்பட்டவர். கல்லில் முளைக்கும் பிற செடிகளுக்குச் சிறிதேனும் மண் வேண்டும். இதையோ கல்லோடு பெயர்த்து, சேறு கழுவித் தெளிநீரில் இட்டால் பல பத்தாண்டுகள் வாடாது என்று அவர் வியந்து எழுதினார். குளிரையும் வறுமையையும் பொறுத்திருக்கும் குணத்தைப் போற்றினார். இங்கே நமக்கொரு மறுப்புண்டு. மண்ணின்றி வாழும் இச்செடி நீரின்றி வாழாது. வேர் உலர்ந்தால் இலைநுனி கருகும். புலவரின் உவமையை நம்பித் தொட்டியைக் காயவிட்டவர் செடியை இழப்பார். சூ ஷிக்கும் இது தெரியாததன்று.

ஒருமுறை மலையில் கிடைத்த சில செடிகளைக் கல்தொட்டியில் வைத்து, வண்ணக்கற்களும் படிகமும் பரப்பி, படகில் உடன் கொண்டுசென்றார். தரைவழிப் பயணத்தை அவை தாங்கா என்று அஞ்சி, ஜியுஜியாங் நகரத்துத் தாவோயத் துறவி ஒருவரிடம் ஒப்படைத்தார். மீண்டும் இவ்வழி வரும்போது அவற்றின் நலம் விசாரிப்பேன் என்றும் எழுதிவைத்தார்.