கால்டுவெல் எழுப்பிய சிற்றூர்க் கோயில்

1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் அறிஞர் கால்டுவெல் சிலையும் ஒன்று. வேப்பம்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் அன்பர்கள் அதனைக் கண்டிருப்பர். 1856-இல் வெளிவந்த அவருடைய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' தமிழுலகம் நன்கறிந்த நூல். அந்நூல் உருவான காலத்திலேயே அவர் எழுப்பத் தொடங்கிய கோயிலொன்று திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் நிற்பதை அறிந்தோர் சிலரே.

1814-இல் அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல், 1838-இல் சென்னையில் வந்திறங்கினார். 1841-இல் இடையன்குடியை அடைந்தார். செம்மணலும் பனையும் நிறைந்த அச்சிற்றூரில் 1847-இல் தூய திரித்துவ ஆலயப் பணி தொடங்கிற்று. 1880 சூலை 6-ஆம் நாள் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இடைப்பட்டவை முப்பத்து மூன்று ஆண்டுகள். அதற்குள் ஒப்பிலக்கணம் 1875-இல் இரண்டாம் பதிப்பும் கண்டுவிட்டது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிற்று. 1877-இல் கால்டுவெல் பேராயரானார்.

இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில்கள் பலவும் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்தவை. மக்கள் அமரும் நீள்கூடம், கிழக்கே திருப்பீடம், மேல்நோக்கிக் கூம்பும் வளைவுகள், ஒளியை அளந்து உள்ளே விடும் சாளரங்கள், சுற்றிலும் ஊராரின் கல்லறைகள் என்பன அவற்றின் இலக்கணம். இடைக்காலத்தில் தழைத்த இக்கோதிக் பாணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மீண்டும் போற்றப்பெற்றது. கால்டுவெல் தேர்ந்ததும் அதுவே.

ஆயின், அத்தகைய சாளரத்தைக் கண்டறியாத உள்ளூர்த் தொழிலாளர் அதனை வடிப்பது எங்ஙனம்? கால்டுவெல் களிமண்ணால் மாதிரிகள் செய்து காட்டினார் என்பர்; அவற்றை நோக்கி அவர்கள் வடித்தனர். இலக்கணம் அயலது, கைகளோ தமிழ்க் கைகள்.

அவர் பணியில் நிழலும் உண்டு. அப்பகுதி மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய ஆங்கில நூல் அவர்களைப் புண்படுத்திற்று. பின்னாளில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. அந்நூல் மக்களைப் புறத்தே நின்று அளந்தது. கோயிலோ அம்மண்ணின் உழைப்பால் எழுந்தது.

1891-இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல், இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். வரலாறு அவர் பெயரை உரக்கச் சொல்கிறது; சாளரம் வடித்தவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. ஒப்பிலக்கணத்தைப் போற்றும் நாம், அக்கைகளின் ஆக்கத்தையும் ஒருமுறை சென்று கற்றல் நன்று.