பதினோராவது கூண்டு

சரித்திரம் படித்தவர்கள் பெரியபட்டினத்துக்குப் போனால் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது இந்த ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் இங்கே தோண்டிப் பார்த்தபோது சீன தேசத்துப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக அகப்பட்டன. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் தூர தேசத்துக் கப்பல்கள் வந்து போன துறைமுகம் இது என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஓடுகளின் வயதைச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. ஆகையால் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு கேள்வி மனத்தில் எழுந்தது. இத்தனை கப்பல்கள் வந்த துறையில், புயல் வரப் போகிறது என்று அந்தக் காலத்தில் யார் யாருக்குச் சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா. 1344-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இலங்கையிலிருந்து கப்பலேறி, மாபார் என்று அராபியர் அழைத்த நம் தமிழ்நாட்டுக் கரைக்குப் புறப்பட்டார். அதிக தூரம் இல்லை. ஆனால் நடுவழியில் காற்று பிடித்துக்கொண்டது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறும் நிலைமை. இந்தக் கடலின் போக்குத் தெரிந்த மாலுமித் தலைவன் கப்பலில் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆழமில்லாத இடத்தில் கப்பல் மாட்டிக்கொள்ள, பாய்மரத்தை வெட்டித் தள்ளினார்கள். மரங்களைச் சேர்த்து மிதவை கட்டினார்கள். உடன் வந்தவர்களை அதில் அனுப்பிவிட்டு, இபின் பதூதா இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது விடிந்ததும் கரையிலிருந்த ஜனங்கள் படகுகளில் வந்து அவரை மீட்டார்கள். அவர் யார், என்ன மதம், எந்த நாடு என்று அவர்களுக்குத் தெரியாது. கடலில் ஒரு மனிதன் தவிக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

பிற்பாடு அவர் ‘பத்தன்’ என்ற துறைமுகப் பட்டினத்துக்கு வந்தார். அது பெரியபட்டினந்தான் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள்; வேறு ஊர்களைச் சொல்கிறவர்களும் உண்டு. கடலுக்குள் பெரும் மரத்தூண்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு மண்டபம் கட்டியிருந்ததை அவர் அங்கே கண்டார். பகைவர் வந்தால் துறையிலுள்ள கப்பல்களை அதோடு கட்டிவிட்டு, வில்லாளிகள் மேலே ஏறி நின்றுகொள்வார்களாம். அதாவது ஆபத்து வந்த பிறகு யோசிக்காமல், வருவதற்கு முன்பே யோசித்த ஊர் அது. பகைவனுக்கு மண்டபம் கட்டிவிட்டார்கள். ஆனால் காற்றுக்கு என்ன செய்வது?

காற்றுக்கு முன்னறிவிப்புச் செய்ய முடியும் என்று மனிதன் நம்பத் தொடங்கி இன்னும் இருநூறு வருஷம் ஆகவில்லை. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். கப்பல் தலைவராக இருந்து கரையேறியவர். கப்பல்களின் தினக்குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு வங்கக் கடலின் புயல்களையெல்லாம் ஆராய்ந்தார். பாம்பு சுருட்டிக்கொள்வது போலக் காற்று சுழல்வதைக் கண்டு, 1848-இல் ‘சைக்ளோன்’ என்ற பெயரைச் சூட்டியவர் அவரே. கல்கத்தாவுக்குத் தெற்கே மாட்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டச் சர்க்கார் எண்ணியபோது, ‘வேண்டாம், ஒரு நாள் புயலலை வந்து அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று 1853-இல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். ஒரு மனிதரின் பேச்சுக்காகத் துறைமுகத்தை நிறுத்துவார்களா? கானிங் துறைமுகம் என்று பெயரிட்டுக் கட்டினார்கள். 1867-இல் புயல் வந்தது; துறைமுகம் சீர்குலைந்தது; சில வருஷங்களில் அதைக் கைவிட்டார்கள். பிடிங்டன் அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார். ‘நான் அப்போதே சொன்னேனே!’ என்று சொல்லும் அற்பத் திருப்திகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையே 1864-இல் கல்கத்தாவையே ஒரு பெரும் புயல் தாக்கியது. அடுத்த வருஷமே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு பிறந்தது. 1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. நாம் இன்று ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கேட்கிற ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ இந்த வம்சத்தில் வந்ததுதான். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். ஒன்றும் இரண்டும் தூரத்துக் கடலில் காற்று உருவாவதைச் சொல்லும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்று சொல்லும். ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பேரபாயம்.

பத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதினோராவது ஒன்று இருக்கிறது. மற்றப் பத்துக்கும் மேலிடத்திலிருந்து தகவல் வரவேண்டும். பதினோராவது கூண்டுக்கு அது வேண்டியதில்லை. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாக இந்த ஊர் அதிகாரிக்குத் தோன்றுகிறது என்பதே அதன் அர்த்தம். அந்த விதியை எழுதிய உத்தியோகஸ்தர் யாரோ, மனித வாழ்க்கையை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஏற்பாடு செய்தாலும் ஒரு கட்டத்தில் கம்பி அறும். அப்போது ஊர் தானேதான் தீர்மானிக்க வேண்டும் என்பதை அவர் விதிப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்!

பெரியபட்டினத்திலிருந்து கரையோடு கிழக்கே போனால் மண்டபம். கடலைத் தாண்டினால் பாம்பன். ராமேசுவரம் தீவின் கோடியில் தனுஷ்கோடி. 1914 முதல் அந்த முனைவரை ரயில் ஓடியது. சென்னையில் ‘போட் மெயில்’ ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னாருக்குப் போவார்கள். ரயிலடி, தபாலாபீசு, சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தன. ஒருபுறம் பாக் நீரிணை. ஜனங்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். மறுபுறம் மன்னார் வளைகுடா. அது ஆண் கடல். இரண்டுக்கும் நடுவே மணல் திட்டில் ஊர்.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாயிற்று. 19-ஆம் தேதி அது கடும் புயலாக வளர்ந்தது. பிறகு மேற்கு நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் நடந்து, 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்று இரவு தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தது. ஐந்து நாள்! ஐந்து நாளில் ஒரு கார்டு சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்ப் பதிலும் கொண்டுவந்துவிடும்.

அன்று இரவு 11-55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பிரயாணிகள் 110 பேர், ரயில்வே சிப்பந்திகள் 5 பேர் என்பது ரயில்வேயின் கணக்கு. தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி விளக்கு எரியவில்லை. வண்டி நின்றது. டிரைவர் காத்திருந்து பார்த்தார். எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. பிறகு நீளமாக ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார். கடல் எழுந்து வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த டிரைவரை நான் பலமுறை மனத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வானிலை நிபுணர்களுக்கு ஐந்து நாளாகத் தெரிந்த விஷயம் வேறு. நடு ராத்திரியில், மழையில், எரியாத ஒரு விளக்கின் முன்னால் நின்ற அந்த மனிதருக்குத் தெரிந்த விஷயம் வேறு. இரண்டுக்கும் நடுவே சில பர்லாங்கு தூரம்தான் பாக்கி. எந்தக் கம்பத்திலும் ஏறாத பதினோராவது கூண்டு அந்த இருட்டில் தொங்கியிருக்கிறது. அதை அவர் வேறு விதமாகப் படித்துவிட்டார்.

இலங்கையையும் சேர்த்து ஏறக்குறைய 1,800 பேர் அந்தப் புயலில் மாண்டார்கள். ராமேசுவரத்தில் நூற்றுக்கணக்கானோர் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்து தப்பினார்கள். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. பின்னாளில் டெல்லி மெட்ரோவினால் புகழ்பெற்ற ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் என்ஜினீயர். ஆறு மாதம் ஆகும் என்றிருந்த வேலையை 46 நாளில் முடித்தார். பாலம் எழுந்துவிட்டது; தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. இன்று அங்கே போகிறவர்கள் கூரையில்லாத மாதா கோயிலின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

சரியாக நாற்பது வருஷம் கழித்து, அதே டிசம்பர் மாதத்தில், 2004-ஆம் ஆண்டு 26-ஆம் தேதி சுனாமி வந்தது. அன்றைக்குப் புதுச்சேரிப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததை ஒவ்வொரு கடலோரப் பள்ளிக்கூடத்திலும் பாடமாக வைக்கலாம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். டெலிவிஷனில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய தகவல் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஒலிபெருக்கி. கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினந்தோறும் அதில் சொல்வது வழக்கம். அன்றும் அதிலேதான் ‘ஓடுங்கள்’ என்றார்கள். 3,600 பேர் வரை இருந்த அந்தக் கிராமத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒலிபெருக்கியை அல்ல; ஒலிபெருக்கி நம் நாட்டில் எந்தக் கல்யாணத்தில்தான் இல்லை? தினந்தோறும் கேட்டுப் பழகிய குரல் அது. இன்றைக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்று நேற்றுச் சொன்ன அதே குரல், இன்றைக்கு ஓடு என்றால் கால் தானாக ஓடுகிறது. என்றைக்கோ ஒரு நாளைக்கென்று பூட்டி வைத்த சங்கை அன்றைக்கு எடுத்து ஊதினால், ‘யாரப்பா அது?’ என்று விசாரிப்பதற்குள் அலை வந்துவிடும்.

குரல் எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு அருகே ஒரே நாளில் உருவெடுத்தது. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கடலில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் அந்த ஒரு வாரத்தில் ஆண் துணையை இழந்தன.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது ராமநாதபுரம் ஜில்லாவில் வயதானவர்களுக்கெல்லாம் 1964-தான் நினைவுக்கு வந்தது. அதே மாதம், அதே மாதிரி இலங்கையைக் கடந்து பாம்பனை நோக்கி வந்தது. இம்முறை படகுகள் கடலுக்குப் போகவில்லை. தாழ்வான இடங்களில் இருந்தவர்களை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். மீட்புப் படையினர் முன்கூட்டியே வந்து தங்கினார்கள். புயலோ மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் கிடந்து, கலைந்து போயிற்று. பெருமழை பெய்தது இங்கே அல்ல. வடக்கே கடலூர்ச் சீமையில்!

பெரியபட்டினத்துக் கடற்கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லி, “நல்ல வேளை, பாய்! தப்பித்தோம்” என்றேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “தப்பிச்சது அல்லா புண்ணியம், தம்பி. கூண்டு ஏத்தினா நாங்க போறதில்லைதான். ஆனா மூணு தரம் ஏத்தி மூணு தரமும் காத்து வரலைன்னு வச்சுக்கங்க. நாலாந்தரம் கூண்டைப் பாக்க மாட்டோம், அரிசிப் பானையைத்தான் பாப்போம்.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எச்சரிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் சாதாரணமாக விட்டுவிடுகிற அத்தியாயம் இது. கடலுக்குப் போகாதே என்று சொல்வது சுலபம். போகாத நாளின் கூலிக்கு யார் பொறுப்பு? புயல் வராமல் போன எச்சரிக்கை பொய் அல்ல என்று நமக்குப் புரிகிறது. ஏனென்றால் நம் வீட்டு அரிசி அதில் இல்லை. இன்றைக்கு வானத்திலிருந்து புயலைப் படம் பிடிக்கிறார்கள். கலெக்டர் தலைமையில் பேரிடர் மேலாண்மைக் குழு இருக்கிறது. 1077 என்ற எண்ணைச் சுழற்றினால் ஜில்லாத் தலைநகரில் மணி அடிக்கிறது. இவை எல்லாம் முதல் பத்துக் கூண்டுகள். வேண்டியவைதான், யாரும் குறை சொல்ல முடியாது. பதினோராவது கூண்டை ஏற்ற வேண்டியது ஊர். எந்தக் குடிசையில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வள்ளம் இன்னும் திரும்பவில்லை, பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, வேலையில்லாத மூன்று நாளைக்கு எந்த வீட்டில் அரிசி இருக்காது என்பதெல்லாம் டெல்லிக்குத் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

“அப்படியானால் நாலாந்தரம் யார் சொன்னால் கேட்பீர்கள், பாய்?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“பள்ளிவாசல் மைக்குல சொன்னாக் கேப்போம். அம்மன் கோயில் ரேடியோவுல சொன்னாலும் கேப்போம். அவங்கதானே நாங்க கடல்லேருந்து வரலைன்னா தேடி வரவங்க.”

சொல்லிவிட்டு வலையை உதறினார். அறுநூற்றெண்பது வருஷங்களுக்கு முன்னால், விடியற்காலையில் ஓர் அந்நியனைத் தேடிப் படகு இறக்கியவர்களின் கரை அது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.