ஹேரியட்டின் மலை

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் மரங்களும் கடலும் இருக்கும். போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் உள்ள மவுண்ட் ஹேரியட்டிலிருந்து தெரியும் காட்சி அது. ஆரம்ப காலத்தில் அந்தமானை ஆண்ட அதிகாரி ஒருவரின் மனைவி பெயர்தான் ஹேரியட்.

அந்த அதிகாரி ராபர்ட் கிறிஸ்டோபர் டைட்லர். 1857 மே மாதம் டெல்லியில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர் அங்கே 38ஆவது காலாட்படையில் இருந்தார். எட்டு மாதக் கர்ப்பிணியான ஹேரியட் இரண்டு சிறு குழந்தைகளோடு நகரை விட்டுத் தப்பினார். டெல்லியை முற்றுகையிட்ட ஆங்கிலப் படை முகாமில், ஜூன் 21 அன்று, ஒரு வண்டிக்குள்ளேயே அவருக்குப் பிரசவம் ஆனது. பிள்ளைக்கு அந்தப் படையின் பெயரையே சேர்த்து ஸ்டான்லி டெல்லி ஃபோர்ஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு கணவனும் மனைவியும் ஒளிப்படக் கலை கற்று, கிளர்ச்சி நடந்த இடங்களை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தார்கள்.

தோற்ற கிளர்ச்சிக்காரர்களை அடைக்கத்தான் 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு அந்தமான் குடியிருப்பு தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1862இல், அதன் கண்காணிப்பாளராக டைட்லர் வந்து சேர்ந்தார். டெல்லியில் எதிரெதிரே நின்றவர்கள் இங்கே ஆள்பவரும் கைதியுமாக மறுபடி சந்தித்தார்கள்.

டைட்லர் பறவை ஆய்வாளரும்கூட. அந்தமான் வால்காக்கையை 1863இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் அவரே. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் பிராட் என்ற கடற்படைக்காரனை அந்தமான் பழங்குடியினர் கொன்றபோது, அவர் அவர்கள்மீதே பழி சுமத்தினார். பிராட் ஒரு பழங்குடிப் பெண்ணிடம் அத்துமீற முயன்றதுதான் காரணம் என்பது பிறகே தெரிய வந்தது. அந்தக் கொலைக்காகப் பிடிபட்ட பழங்குடியினரை ராஸ் தீவில் வைத்திருந்த ஏற்பாட்டிலிருந்தே, அம்மக்களைத் தங்கவைக்கும் 'அந்தமான் இல்லம்' உருவானது.

1864இல் டைட்லர் பதவியை விட்டார், 1872இல் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 8 அன்று, இந்த மலைக்குப் போய்விட்டு இறங்கிய வைஸ்ராய் மேயோவை அடிவாரத்தின் ஹோப் டவுன் துறையில் ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றார். ஹேரியட் சிம்லாவில் ஓர் அநாதை இல்லம் நடத்தி, முதுமையில் தன் நினைவுகளை எழுதி வைத்து, 1907இல் மறைந்தார். அந்தக் குறிப்புகள் 1986இல்தான் நூலாயின.

ஆங்கிலேயருடன் நடந்த 1891 போருக்குப் பின் மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவரது ஆட்களும் நாடு கடத்தப்பட்டு இந்த மலையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் நினைவாக, 2021இல் மலை 'மவுண்ட் மணிப்பூர்' ஆனது. நியாயமான மாற்றம்தான். ஆனால் மண்ணின் முதல் மக்களான கிரேட் அந்தமானியர் 2011 கணக்கெடுப்பில் வெறும் 44 பேர். 1863இல் அவர்களுக்கு நடந்ததையும் அந்த மலையில் எழுதி வைக்க வேண்டும்.