பத்துக்கு ஆறு

போன வருஷம் மார்ச் கடைசி. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். நாக்பூர் வெயிலில் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருந்தபோது மன்னார்குடியிலிருந்து அப்பா போன் செய்தார்.

"பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சுப்பா. க்ளீஸன் ஆறுன்னு போட்டிருக்கு. பத்துக்கு ஆறுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே?"

அப்பா ரிடையர்டு வாத்தியார், வயது 67. பி.எஸ்.ஏ. 7.2 வந்ததால் எடுத்த பயாப்ஸி. ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். டாக்டர், இரண்டு வாரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே "வெட்டி எடுத்துடலாம்டா" என்றாள். நானும் உடனே சரி என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவிலிருந்து இந்த நோயின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். படித்தவன், மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் பழைய ஃபைலைப் புரட்டும் பழக்கம் உண்டு.

ஃபைல் 1853-ல் தொடங்குகிறது. லண்டன் மருத்துவமனையில் ஆடம்ஸ் என்ற சர்ஜன் இந்தப் புற்றுநோயை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தார். மிக அபூர்வமான நோய் என்றும் எழுதினார். அபூர்வமில்லை. கண்டுபிடிக்க வழியில்லை, இது வரும் வயதுவரை வாழ்ந்த ஆண்களும் குறைவு, அவ்வளவுதான்.

1904-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹ்யூ ஹாம்ப்டன் யங், சுரப்பியை முழுதாக எடுக்கும் ஆபரேஷனைச் செய்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்த ஆபரேஷனை எல்லோருக்கும் செய்யவில்லை. ரத்தம் கொட்டும், ஆண்மை போய்விடும், சிறுநீர் கட்டுக்குள் நிற்காது. நோயோ பெரும்பாலும் பரவிய பிறகுதான் தெரியவந்தது. 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனைத் தடுத்தால் பரவிய நோயும் சுருங்கும் என்று காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1966-ல்தான் டொனால்ட் க்ளீஸன், நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் அமைப்புக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். அப்பா கேட்ட "ஆறு" இதுதான். இரண்டு எண்களின் கூட்டு: 3+3. ஆனால் இன்றைய பயாப்ஸிகளில் ஆறுக்குக் கீழே மதிப்பெண் போடுவது அநேகமாக இல்லை. அதாவது ஆறுதான் அடிப்படி! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-ல் நிபுணர்கள் கூடி, ஒன்று முதல் ஐந்து வரை புதுப் பிரிவு வகுத்தார்கள். அதில் அப்பாவுடையது ஒன்று. டாக்டர் இதை எங்களிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் பரவலானது 1980-களில். 1981-ல் நெதர்லாந்தின் லெய்டனில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த அமெரிக்க சர்ஜன் பாட்ரிக் வால்ஷுக்கு ஒரு விஷயம் விளங்கியது: ஆண்மைக்கான நரம்புகள் சுரப்பிக்குள் இல்லை, வெளியே ஓடுகின்றன. 1982 ஏப்ரல் 26 அன்று அந்த நரம்புகளை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுத்தார். 2000-களின் தொடக்கத்தில், நம்ம புதுவை ஜிப்மரில் படித்த டாக்டர் மணி மேனன், டெட்ராய்ட்டில் இதை ரோபோ மூலம் பெரிய அளவில் செய்துகாட்டினார்.

இடையில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வந்தது. அமெரிக்க அரசு 1986-ல் நோயாளிகளைக் கண்காணிக்கவும், 1994-ல் நோயைக் கண்டறியவும் அதை அனுமதித்தது. லட்சக்கணக்கான ஆண்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாத சின்னச் சின்னப் புற்றுகள் தெரியவந்தன. தெரிந்ததை எல்லாம் வெட்டினார்கள். 2012-ல் அமெரிக்க நிபுணர் குழு, இந்தப் பரிசோதனையே எல்லோருக்கும் வேண்டாம் என்றது. 2018-ல், 55 முதல் 69 வயதுவரை அவரவர் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது.

அப்போ வெட்டுவதால் பலன் உண்டா, இல்லையா? இரண்டு ஆய்வுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்று ஸ்காண்டிநேவிய நாடுகளில் 695 பேரிடம் 1989-ல் தொடங்கியது. 2018-ல் வந்த கணக்குப்படி, ஆபரேஷன் செய்தவர்கள் சராசரியாக 2.9 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பலன் நிச்சயம் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அல்ல, நோய் சற்று வளர்ந்தவர்கள்.

இன்னொன்று பிரிட்டனில். பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 பேர், ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவு. 15 வருட முடிவு 2023-ல் வந்தது. இந்த நோயால் இறந்தவர்கள் ஆபரேஷனில் 2.2 சதவீதம், கதிர்வீச்சில் 2.9, கண்காணிப்பில் 3.1. ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற காரணங்களால் இறந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு.

கண்காணிப்புக்கும் விலை உண்டு. அதில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது, ஆபரேஷனில் 4.7. கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேர் பிறகு ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். மறுபக்கம், ஆபரேஷன் ஆனவர்களில் ஆறு வருடம் கழித்தும் 17 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கிக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது வாராக்கடன் இல்லை, 'ஸ்பெஷல் மென்ஷன்' அக்கவுண்ட். கணக்கை மூட வேண்டாம். கண்ணை எடுக்கவும் கூடாது.

லீவு போட்டு ஊருக்குப் போய், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "தினம் கோயில் பிராகாரத்துல மூணு சுத்து சுத்துறேன். அதுக்குப் பேட் வேணாம்னா, பார்த்துக்கலாம்ப்பா."

வேறு ஒரு டாக்டரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்து, பெரிதாக எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, கண்காணிப்புக்குச் சம்மதித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. இந்த வருஷம் மறுபடி பயாப்ஸி. அதே ஆறு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனை ரத்து செய்யாதீர்கள். மதிப்பெண் எட்டு, ஒன்பது என்றால் கதையே வேறு. அப்பாவுக்கே நாளை மாறலாம். மாறினால் ஆபரேஷனோ கதிர்வீச்சோ உண்டு.

ஆரம்பத்தில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏன் உடனே சரி என்றேன்? ஏப்ரலில் எனக்குப் பதினைந்து நாள் லீவு கிடைக்கும். அதற்குள் ஆபரேஷன் முடிந்தால் என் கடமையும் முடிந்துவிடும். அப்பாவின் உடம்பை என் லீவுக்குள் அடக்கப் பார்த்திருக்கிறேன். கண்காணிப்புக்கோ முடிவுத் தேதி கிடையாது. வெளியூரில் இருக்கும் நமக்குத்தான் அது கஷ்டம், அப்பாவுக்கு இல்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறேன். அப்பா ரிசல்ட் கவரைப் பிரிக்காமல் வைத்திருப்பார், நான் வந்ததும் சேர்ந்து பிரிக்க.

"என்னப்பா, பாஸா?" என்பார்.