இந்தியச் சட்டக் கல்வியில் தகுதி வரையறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சட்டம் பயிலும் மாணவர் சட்டத்தைக் கற்பதற்கு முன்பே சில விதிகளுக்குக் கட்டுப்படுகின்றார். கல்லூரியில் சேர்வதற்கு மதிப்பெண் விதி, தேர்வெழுதுவதற்கு வருகை விதி, பட்டம் பெற்றபின் தொழிலில் நுழைவதற்குப் பதிவு விதி என அவை வரிசையாக நிற்கின்றன. இவ்விதிகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றம், பல்கலைக்கழகம், வழக்குரைஞர் அமைப்பு ஆகிய மூன்றிற்கும் இடையே நிகழ்ந்த அதிகாரப் பகிர்வின் விளைவுகள் அவை. கல்வியின் தரம் என்னும் பெயரில் அமைந்த இவ்வரையறைகள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்காமல் விட்டன என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கும்பினி ஆட்சியில் வக்கீல் தகுதி

கும்பினி நீதிமன்றங்களில் வழக்காடும் தொழிலை முறைப்படுத்திய முதல் முயற்சி, வங்காளத்தின் 1793ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறை ஆகும். வக்கீல்களை நியமிக்கும் அதிகாரத்தை அது சதர் திவானி அதாலத்திற்கு அளித்தது. கல்கத்தா மதரசாவிலும் காசி சமஸ்கிருதக் கல்லூரியிலும் பயின்றோர்க்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. வக்கீலுக்கு வேண்டிய கல்வி என அன்று கருதப்பட்டது இந்து, இசுலாமியச் சட்ட நூல்களில் பெற்ற பயிற்சியே என்பது இதனால் விளங்குகின்றது. அதே ஒழுங்குமுறை இந்துக்களும் இசுலாமியரும் மட்டுமே வக்கீலாகலாம் என்றும் வரையறுத்தது. இத்தடையை நீக்கியது 1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். எச்சமயத்தைச் சேர்ந்தோராயினும் எந்நாட்டினராயினும் தகுதியுடையோர் வக்கீலாகலாம் என்ற நிலை அதனால் உருவாயிற்று. கல்வி பற்றிய விதியும் பிறப்பு பற்றிய விதியும் ஒரே சட்டத்தில் கலந்து நின்றதைத் தொடக்கக் காலத்தின் சிறப்பியல்பாகக் கொள்ளலாம்.

சட்ட அறிவுக்கும் மக்கள் மொழிக்கும் இடையிலான இடைவெளியும் இக்காலத்திலேயே உணரப்பட்டது. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் வெளியிட்டார். தமிழ் உரைநடை வரலாற்றில் முதல் நாவலாசிரியராக அறியப்படும் அவர், சட்டக் கல்வி வரலாற்றில் வேறோர் இடத்திற்கும் உரியவர். ஆங்கிலம் அறியாத ஒருவர் சட்டத்தைக் கற்கவே இயலாது என்னும் நிலையை மாற்ற முனைந்த தொடக்ககால முயற்சிகளுள் அவருடையதும் ஒன்று.

பல்கலைக்கழகங்களும் பட்டமும்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகர்களிலும் 1855ஆம் ஆண்டையொட்டிச் சட்ட வகுப்புகள் முறையாகத் தொடங்கப்பட்டன. 1857இல் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றியபின் சட்டப் படிப்பு பட்டத்துடன் இணைந்தது. சென்னையில் மாநிலக் கல்லூரியின் ஒரு பிரிவாக இருந்த சட்டக் கல்வி, 1891இல் தனிச் சட்டக் கல்லூரியாக வளர்ந்தது.

இக்காலப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே இருந்தன. சட்ட விரிவுரைகள் பல இடங்களில் காலையிலோ மாலையிலோ நிகழ்ந்தன. நீதிமன்றப் பணியை முடித்து வந்த வழக்குரைஞர்கள் பகுதிநேர ஆசிரியராக இருந்தனர். ஆகவே ‘தரம்’ என்பது தேர்வுத்தாளில் பெற்ற மதிப்பெண்ணாகச் சுருங்கியது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். தொழில் உரிமை தருவது உயர் நீதிமன்றம். இவ்விரண்டிற்கும் இடையில், மாணவர் என்ன கற்றார் என்பதற்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை.

இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனவர்களின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. இலண்டனில் இன்னர் டெம்பிளில் பயின்று 1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டரான காந்தியடிகள், அப்பயிற்சி பற்றித் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். பன்னிரண்டு பருவங்கள் நிறைவு செய்ய வேண்டும் என்பது விதி. பருவத்தை நிறைவு செய்தல் என்பது வகுப்பில் அமர்தல் அன்று. பருவம் ஒன்றிற்கு ஏறத்தாழ 24 விருந்துகளுள் குறைந்தது ஆறிலேனும் கலந்துகொள்ளுதலாகும். மூத்த சட்ட அறிஞரோடு உண்டு உரையாடிப் பண்பு பெறுதல் என்னும் பழைய நோக்கம் மறைந்து, வருகைக் கணக்கு மட்டும் எஞ்சிய நிலையை இது காட்டுகின்றது. ஒரு விதி தன் நோக்கத்தை இழந்தபின்னும் வாழக்கூடும் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

பட்டம் இருந்தும் திறவாத வாயில்

தகுதி விதியின் மற்றொரு முகத்தைப் பெண்கள் கண்டனர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றிருந்த கார்னீலியா சொராப்ஜி, பல்லாண்டுகள் வழக்காடும் உரிமையின்றியே இருந்தார். 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரெஜினா குகாவின் விண்ணப்பத்தையும், 1921இல் பாட்னா உயர் நீதிமன்றம் சுதாம்சுபாலா ஹஜ்ராவின் விண்ணப்பத்தையும் மறுத்தன. இருவரும் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள். அவர்கள் கல்வியில் குறை காணப்படவில்லை. வக்கீல் பற்றிய சட்டத்தில் ‘நபர்’ என்னும் சொல் பெண்ணைக் குறிக்குமா என்பதே வினாவாயிற்று. குறிக்காது என்பது விடையாயிற்று. 1921இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியைப் பதிவு செய்து வேறு வழி காட்டியது. 1923ஆம் ஆண்டின் சட்டத் தொழிலோர் (பெண்கள்) சட்டம் இச்சிக்கலுக்கு முடிவு கட்டியது.

இந்நிகழ்ச்சிகள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. தொழிலில் நுழைவதற்கான விதி, கல்வியை மட்டும் அளக்கும் கருவியாக என்றும் இருந்ததில்லை. யாரை உள்ளே விடுவது என்னும் சமூகத்தின் முடிவும் அதனுள் அடங்கியிருந்தது.

சீர்திருத்தச் சிந்தனைகள்

பாரிஸ்டர், வக்கீல் என்னும் வேறுபாட்டைக் குறைக்க 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம் வழி செய்தது. எனினும் கல்வியின் உள்ளடக்கத்தை அது மாற்றவில்லை. உள்ளடக்கத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் அம்பேத்கர் குறிப்பிடத்தக்கவர். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பேற்ற அவர், மறு ஆண்டே பம்பாய் மாகாணச் சட்டக் கல்விச் சீர்திருத்தம் குறித்து அக்கல்லூரி இதழில் கட்டுரை எழுதினார். சட்டப் பிரிவுகளை மனனம் செய்தல் வழக்குரைஞரை உருவாக்காது. அடிப்படைக் கோட்பாடுகளில் தெளிவும் பரந்த பொது அறிவும் எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டும் என்னும் நோக்கு அவருடையது. மாணவரின் தகுதியைப் பற்றிப் பேசிய காலத்தில் பாடத்திட்டத்தின் தகுதியைப் பற்றி அவர் பேசினார் என்பதே அதன் சிறப்பு.

விடுதலைக்குப் பின் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) சட்டக் கல்லூரிகளின் நிலையைக் கடுமையாக விமரிசித்தது. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்ற பின்னரே சட்டம் பயில வேண்டும் என்றும், சட்டப் படிப்பும் மூன்றாண்டுகள் நிகழ வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. செதல்வாட் தலைமையில் அமைந்த சட்ட ஆணையத்தின் பதினான்காம் அறிக்கையும் (1958) பகுதிநேர வகுப்புகளையும், கட்டுப்பாடின்றிப் பெருகிய சேர்க்கையையும் குறை கூறியது. நோய் கல்லூரியில் இருக்கின்றது என்பதில் இவ்வறிக்கைகள் ஒத்த கருத்துடையன.

1961ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னும்

1961ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டம் ஒரு திருப்பமாகும். நாடு முழுமைக்கும் ஒரே வகை வழக்குரைஞர் என்ற நிலையை அது உருவாக்கியது. பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்து சட்டக் கல்வியின் தரத்தை வரையறுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலுக்கு அச்சட்டத்தின் ஏழாம் பிரிவு அளித்தது. பட்டப்படிப்பிற்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு என்பது 1967 முதல் தகுதியாயிற்று. பள்ளிக் கல்வி முடித்தோர்க்கான ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு 1980களில் உருவெடுத்தது. அதன் முன்மாதிரியாக, மாதவ மேனனின் தலைமையில் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1988இல் வகுப்புகளைத் தொடங்கியது.

கற்பித்தலை மாற்றிய முயற்சி பெங்களூரில் நிகழ்ந்தபோது, வாயிலை இறுக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. 45 வயதைக் கடந்தோர் வழக்குரைஞராகப் பதிவு செய்ய இயலாது என்ற விதியை 1995இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. பட்டத்திற்குப் பின் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று 1995இல் இயற்றப்பட்ட விதியும் 1999இல், சுதீர் வழக்கில், அதிகாரமின்றி இயற்றப்பட்டதெனத் தள்ளப்பட்டது. பயிற்சி பற்றிய பிரிவை நாடாளுமன்றம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி நீக்கியிருந்தமை அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது. எனினும் தகுதித் தேர்வு என்னும் கருத்து மறையவில்லை. அகில இந்திய வழக்குரைஞர் தேர்வு 2011 மார்ச்சில் முதன்முறையாக நடைபெற்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சுதீர் தீர்ப்பின் நிலைப்பாட்டை ஏற்காது, தேர்வு நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது.

2008ஆம் ஆண்டு விதிகளின் இருபுறம்

சட்டக் கல்வி விதிகள், 2008 என்பது இவ்வளர்ச்சியின் விரிவான வடிவம் ஆகும். அவ்விதிகளை மாணவரைக் கட்டுப்படுத்துவன, நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவன என இரு வகையாகப் பகுத்துக் காணலாம்.

மாணவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் எண்களால் ஆனவை. சேர்க்கைக்குப் பொதுப்பிரிவினர் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். பருவத் தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். தக்க காரணமிருப்பின் 65 விழுக்காடு வரை தளர்த்தலாம். அப்போதும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 விழுக்காடு இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் சேர 20 வயதும் மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயதும் பொதுப்பிரிவினர்க்கு உச்ச வரம்பாக வைக்கப்பட்டன. அவ்வரம்பு 2013இல் விலக்கப்பட்டு, 2016இல் மீண்டும் கொணரப்பட்டு, 2017இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளாயிற்று. ஒரே விதி நான்கு ஆண்டுகளில் மும்முறை நிலைமாறியமை, அதன் அடிப்படை உறுதியற்றது என்பதைக் காட்டும்.

நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உள்ளன. ஒரு வகுப்புப் பிரிவில் 60 மாணவர்க்கு மிகாமை, முழுநேர ஆசிரியர், நூலகம், மாதிரி நீதிமன்றம், சட்ட உதவி மையம் ஆகியன அவை. களப்பயிற்சி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் அமைய வேண்டும். இவை நிறைவேறினவா என்பது ஆய்வுக் குழு வரும் நாளில் அறியப்படுவது. மாணவரின் வருகையோ ஒவ்வொரு நாளும் எண்ணப்படுவது. முன்னதன் தவற்றுக்கு நிறுவனம் விளக்கம் எழுதும். பின்னதன் தவற்றுக்கு மாணவர் ஓராண்டை இழப்பார். தண்டனையின் இந்த ஏற்றத்தாழ்வே விதிகளின் மெய்யான குறைபாடு.

இவ்வேற்றத்தாழ்வு எத்துணைக் கொடியதாகக் கூடும் என்பதை 2016இல் தில்லியில் நிகழ்ந்த துயரம் காட்டியது. வருகைக் குறைவால் தேர்வெழுத அனுமதிக்கப்படாத சட்ட மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். அதன் தொடர்பான வழக்கில் 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவரைத் தேர்வெழுதவிடாமல் தடுத்தல் கூடாது எனத் தீர்ப்பளித்தது. குறையை ஈடுசெய்யக் கூடுதல் வகுப்புகள் போன்ற வழிகளையும் சுட்டியது. வகுப்புக்கு வாராமை தண்டிக்கப்பட வேண்டிய குற்றம் என்பதிலிருந்து, அறிந்து சரிசெய்ய வேண்டிய குறை என்னும் நிலைக்கு விதியின் பொருள் மாறத் தொடங்கியதை இதில் காணலாம்.

மொழி பற்றிய விதியும் எண்ணத்தக்கது. பயிற்று மொழி ஆங்கிலம் என்பது 2008ஆம் ஆண்டு விதிகளின் பொது நிலை. வட்டார மொழியில் பயிற்றவோ தேர்வெழுதவோ பல்கலைக்கழகம் இசையலாம். ஆயினும் அம்மாணவர் ஆங்கிலத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் பயின்றவர், தம்மிடம் வரும் கட்சிக்காரரின் மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்னும் இணை விதி அங்கு இல்லை. வேதநாயகம் பிள்ளை நிரப்ப முயன்ற இடைவெளி, தர வரையறையின் பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை.

முடிவுரை

1793இல் சமயமும், 1923 வரை பாலினமும், பின்னர் வயதும் மதிப்பெண்ணும் வருகையும் சட்டத் தொழிலின் வாயிலில் நின்றன. அவற்றுள் சில நீதியற்றவை என நீக்கப்பட்டன. சில தேவையானவையே. வகுப்புக்கு வாராமல் சட்டம் கற்க இயலும் என எவரும் வாதிடார். ஆனால் வரலாறு முழுவதும், எளிதில் எண்ணக்கூடியதே தரம் எனக் கொள்ளப்பட்டது. எண்ணுவதற்கு எளியவர் மாணவராக இருந்தார். இராதாகிருஷ்ணன் குழுவும் சட்ட ஆணையமும் நோயைக் கல்லூரியில் கண்டன. மருந்தோ பெரும்பாலும் மாணவர்க்கே புகட்டப்பட்டது. எழுபது விழுக்காடு வருகை கேட்கும் உரிமை, அவ்வருகைக்குத் தக்க வகுப்பை நடத்தும் கடமையோடு இணைந்தது. இவ்விரண்டும் ஒரே அளவுகோலால், ஒரே கண்டிப்புடன் அளக்கப்படும்போதே சட்டக் கல்வியின் விதிகள் தாம் கற்பிக்கும் நீதிக்குத் தாமும் உட்பட்டனவாகும்.