இலண்டன் கோபுரத்தின் பீங்கான் பாப்பிகள்

முதல் உலகப் போர் தொடங்கிய நூற்றாண்டு நினைவாக, 2014 சூலை முதல் நவம்பர் 11 வரை இலண்டன் கோபுரத்தின் அகழியில் 8,88,246 பீங்கான் பாப்பி மலர்களைத் தன்னார்வலர்கள் நட்டனர். அப்போரில் இறந்த பிரித்தானிய, குடியேற்ற நாட்டுப் படைவீரர் ஒருவருக்கு ஒரு மலர் என்பது கணக்கு. 1843இல் நீர் வடிக்கப்பட்ட அகழி அது.

கசகசாச் செடியின் இனமான இச்செம்மலர், மேற்குப் போர்முனையில் குண்டுகள் கிளறிய நிலத்தில் தானாகவே முளைத்துப் பூத்தது. மட்கலைஞர் பால் கம்மின்சு மலர்களை உருவாக்க, அரங்க வடிவமைப்பாளர் டாம் பைப்பர் காட்சியை அமைத்தார். கையால் செய்யப்பட்டதால் ஒரு பூப்போல் மற்றொன்று இல்லை. இறந்தோரைத் தொகையாக அல்லாமல் ஆள் ஆளாக எண்ண வைத்தது இதுவே. இவ்வேலையின்போது உருளையில் சிக்கிக் கம்மின்சு ஒரு விரலை இழந்தார்.

எதிரணியில் இறந்தோருக்கு இங்கு இடமில்லை, அழகு போரின் கோரத்தை மறைக்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. பின்னர் மலர்கள் பிடுங்கப்பட்டு, தலா 25 பவுண்டு கொடுத்து வாங்கியோரின் வீடுகளுக்குச் சென்றன.